என்டர் தட்டும் முன் விடையைச் சொல்லுங்கள்

எக்செல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளில் ஒரு வெற்று ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஏ நெடுவரிசையும் 1-ம் வரிசையும் சந்திக்கும் ஏ1 கட்டத்தில் 10, ஏ2-ல் 20, ஏ3-ல் =ஏ1+ஏ2 என்று அடியுங்கள். ஏ3-ல் 30 வந்து நிற்கும். இப்போது ஏ1-ல் இருக்கும் 10-ஐ அழித்துவிட்டு 15 என்று அடிக்கப் போகிறீர்கள். என்டர் தட்டும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள். ஏ3-ல் என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 35. சரி, தட்டுங்கள். 35தான்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் பலருக்கு ஸ்ப்ரெட்ஷீட் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே முறை இதுதான்: முதலில் விடையைச் சொல், அப்புறம் தட்டு. ஸ்ப்ரெட்ஷீட் விடையை மட்டும் காட்டும், வேலை நடக்கும் விதத்தை மறைத்துவிடும். சொன்ன விடை பொய்த்துப்போகும்போது அந்த மறைப்பு கொஞ்சம் விலகுகிறது. அப்படிப் பொய்த்துப்போகும் இடங்களாகப் பார்த்துச் சில பயிற்சிகளை இங்கே தருகிறேன். பக்கத்தில் ஒரு ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால்தான் பயன்.

முதலில் அந்த 35 எப்படி வந்தது? ஏ3-க்குள் 35 என்ற எண் உட்கார்ந்திருக்கவில்லை. ‘ஏ1-ஐயும் ஏ2-ஐயும் கூட்டு’ என்ற கட்டளை இருக்கிறது; 35 அதன் இப்போதைய விடை. நீங்கள் ஒவ்வொரு ஃபார்முலாவை எழுதும்போதும் மென்பொருள் பின்னால் ஓர் உறவுப் படத்தை வரைந்துகொண்டே இருக்கிறது: ஏ3 யாரையெல்லாம் நம்பி இருக்கிறது, ஏ3-ஐ நம்பி யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று. ஏ1 மாறியதும், அதை நம்பியிருக்கும் கட்டங்களையும், அவற்றை நம்பியிருக்கும் கட்டங்களையும் ‘பழையது’ என்று குறித்துக்கொண்டு, சரியான வரிசையில் அவற்றை மட்டும் திரும்பக் கணக்கிடுகிறது. சம்பந்தமில்லாத கட்டங்களைத் தொடுவதே இல்லை.

இந்த எண்ணம் பிறந்தது ஒரு கரும்பலகை முன்னால். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், பலகையில் எழுதிய கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளியானது. அது கட்டங்களை நெடுவரிசை நெடுவரிசையாகவோ வரிசை வரிசையாகவோ கணக்கிட்டுக்கொண்டு போகும். ஒரு ஃபார்முலா தனக்குப் பின்னால் வரும் கட்டத்தை நம்பியிருந்தால், முதல் சுற்றில் பழைய எண்ணையே எடுத்துக்கொள்ளும். யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று பார்த்து அந்த ஒழுங்கில் கணக்கிடும் வழியை ரெனே பார்டோவும் ரெமி லாண்டாவும் 1969-லேயே தங்கள் லான்பார் நிரலில் கண்டுபிடித்திருந்தார்கள். இன்றைய ஸ்ப்ரெட்ஷீட்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன.

இப்போது ஏ1-ல் =ஏ3 என்று அடியுங்கள். என்ன வரும்? சொல்லிவிட்டுத் தட்டுங்கள். ஏ3-க்கு ஏ1 வேண்டும், ஏ1-க்கு ஏ3 வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியாததால் மென்பொருள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். உறவுப் படம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது வாய்ப்பாடு. ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

புதிய ஷீட்டில் ஏ2 முதல் ஏ11 வரை 1 முதல் 10. பி1 முதல் கே1 வரை அதே 1 முதல் 10. நடுவில் பெருக்கல் வாய்ப்பாடு வர வேண்டும். பி2-ல் =ஏ2*பி1 என்று எழுதுங்கள். 1 வருகிறது, சரியான விடை. அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்து பி11 வரை கீழே இழுக்கப் போகிறீர்கள். என்ன வரும்? 1, 2, 3, 4 என்று போகும் என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்கிறார்கள்.

வருவது 1, 2, 6, 24, 120. கடைசியில் பி11-ல் 36,28,800.

வாய்ப்பாடு கேட்டோம், தொடர்பெருக்கம் கிடைத்திருக்கிறது. 10×9×8 என்று 1 வரை பெருக்கினால் வரும் எண் அது. மென்பொருள் தவறு செய்யவில்லை. நீங்கள் =ஏ2*பி1 என்று எழுதியபோது அது எடுத்துக்கொண்டது ‘எனக்கு இடப்பக்கக் கட்டத்தையும் எனக்கு மேலே உள்ள கட்டத்தையும் பெருக்கு’ என்றுதான். பி2-க்கு மேலே தலைப்பு எண் இருந்தது. பி3-க்கு மேலே இருப்பதோ பி2-ன் விடை. பி4-க்கு மேலே பி3-ன் விடை. ஒவ்வொன்றும் முந்தைய விடையையே பெருக்கிக்கொண்டு போகிறது. எக்செல்லின் அமைப்புகளில் ஆர்1சி1 என்றொரு முறை இருக்கிறது. அதற்கு மாற்றிப் பார்த்தால் பி2 முதல் பி11 வரை பத்துக் கட்டங்களிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே ஃபார்முலா இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முகவரிதான் மாறுவது போலத் தெரிகிறது. உள்ளே இருப்பது திசையும் தூரமும்.

இப்போது அந்தப் பத்துக் கட்டங்களையும் சேர்த்துப் பிடித்து கே நெடுவரிசை வரை வலப்பக்கம் இழுங்கள். எண்கள் பயங்கரமாக வீங்கும். வலது கீழ் மூலையில் எண்ணே இருக்காது, #நம்! என்ற பிழைதான் இருக்கும். ஒரு கட்டத்துக்குள் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் ஏறக்குறைய 1.8-ஐ 10-ன் 308-ம் அடுக்கால் பெருக்கினால் வருவது. நாம் அதையும் தாண்டிவிட்டோம்.

சரி, திருத்துவோம். முகவரிக்குள் டாலர் குறி போட்டால் அந்தப் பகுதி நகராது. நடுவில் வந்த விடைகளை மட்டும் அழித்துவிட்டு பி2-ல் =$ஏ2*பி1 என்று எழுதி, இரு பக்கமும் இழுங்கள். வாய்ப்பாட்டின் முதல் வரிசை 1, 2, 3 என்று அழகாக வரும். இரண்டாம் வரிசை 2, 4, 6. அதுவும் சரி. பெரும்பாலானோர் இங்கே நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். மூன்றாம் வரிசையைப் பாருங்கள்: 3, 6, 9 இருக்க வேண்டிய இடத்தில் 6, 12, 18.

முதல் இரண்டு வரிசைகள் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டன. முதல் வரிசைக்கு மேலே உண்மையான தலைப்பு இருக்கிறது. இரண்டாம் வரிசைக்கு மேலே இருப்பது 1-ஆல் பெருக்கிய விடை, அதாவது தலைப்பைப் போலவே தோன்றும் எண்கள். மூன்றாம் வரிசையில்தான் குட்டு வெளிப்படுகிறது. முதல் சில வரிசைகளை மட்டும் பார்த்து ஒரு ஷீட்டை நம்பிவிடக் கூடாது என்று நான் பத்து முறை சொல்வதைவிட, இந்த 6-ஐ ஒருமுறை பார்ப்பது மனதில் நிற்கிறது. சரியான ஃபார்முலா =$ஏ2*பி$1. ஏ நெடுவரிசை நகரக் கூடாது, ஷீட்டின் 1-ம் வரிசை நகரக் கூடாது. எந்த டாலர் எதைப் பிடித்து வைக்கிறது என்று இதற்கு மேல் யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

அடுத்து, கட்டத்துக்குள் இருப்பது எண்ணா எழுத்தா என்ற கேள்வி. ஏ1-ல் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு 5 என்று அடியுங்கள். ஏ2-ல் வெறும் 5. பி1-ல் =ஏ1+ஏ2, பி2-ல் =சம்(ஏ1:ஏ2). இரண்டும் கூட்டல்தானே? எக்செல்லில் பி1 10 என்று சொல்லும், பி2 5 என்று சொல்லும். மேற்கோள் குறி போட்ட 5 எழுத்தாகப் பதிவாகிவிட்டது. கூட்டல் குறி அதை எண்ணாக மாற்றிக்கொண்டு கூட்டுகிறது. சம் எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறது. வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பட்டியலில் மொத்தம் உதைத்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். நாம் தனியாக மாற்றாதவரை எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நெடுவரிசையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் உடனே தெரிந்துவிடும்.

தேதியும் உள்ளே வெறும் எண்தான். எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே கிடையாது. 1900 லீப் ஆண்டு அல்ல. முன்பு புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழை இது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தேதி போலத் தெரியும் எதையும் தேதியாக்கிவிடும் பழக்கத்தால் உயிரியலாளர்களும் சிரமப்பட்டார்கள். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களெல்லாம் மார்ச் 1, செப்டம்பர் 2 ஆகிக்கொண்டே இருந்தன. கடைசியில் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றி அறிவித்தார்கள்.

தேடும் ஃபார்முலாவான வி-லுக்-அப்பை எல்லோரும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். ஆனால் அது எப்படித் தேடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. எக்செல்லில் ஏ1 முதல் ஏ5 வரை 10, 40, 20, 50, 30 என்று இதே வரிசையில் எழுதுங்கள். பி1 முதல் பி5 வரை ஏதாவது ஐந்து பெயர்கள். இப்போது =வி-லுக்-அப்(40, ஏ1:பி5, 2) என்று தேடுங்கள், அதாவது 40 இருக்கும் வரிசையின் இரண்டாம் நெடுவரிசையில் உள்ள பெயரைக் கேட்கிறோம். 40 கண்ணெதிரே இரண்டாம் வரிசையில் இருக்கிறது. ஆனால் வேறு பெயர் வரும். பிழை என்றுகூடச் சொல்லாது.

அடைப்புக்குறிக்குள் அந்த மூன்றுக்குப் பிறகு நான்காவதாக ஒன்றும் சொல்லாமல் விட்டால், பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். அகராதியில் சொல் தேடுவது போல நேராக நடுவுக்குப் போகிறது. நடுவில் 20. நாம் தேடும் 40 அதைவிடப் பெரியது, ஆகவே மேல் பாதியில் இருக்க வாய்ப்பில்லை என்று அதை ஒதுக்கிவிடுகிறது. 40 இருந்ததோ அந்தப் பாதியில். இப்படிப் பாதி பாதியாக ஒதுக்கும் முறையின் வேகம் அபாரம். எக்செல் ஷீட்டின் மொத்த வரிசைகள் 10,48,576. அது 2-ன் 20-ம் அடுக்கு. அத்தனை வரிசைகளிலும் ஏறக்குறைய 20 முறை எட்டிப் பார்த்தால் போதும். ஆனால் பட்டியலை அடுக்கியிருந்தால்தான். ஃபார்முலாவின் கடைசியில் 0 சேர்த்து மறுபடி தேடுங்கள், அச்சு அசலாக 40 இருக்கும் வரிசையின் பெயர் வந்துவிடும்.

இதையெல்லாம் ஒரு வீடியோவில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். மைக்கேல் கார்டாஸும் எட் ஓ'பிரையனும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இதையே சோதித்தார்கள். மேசை விரிப்பைப் பாத்திரம் அசையாமல் உருவி எடுப்பது போன்ற வித்தைகளின் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை ஏறியது. செய்யச் சொன்னபோது திறமை ஏறியிருக்கவில்லை. ஸ்ப்ரெட்ஷீட் வீடியோவில் இது இன்னும் அதிகம் என்பது என் எண்ணம். சொல்லித்தருபவர் எதை இழுத்தாலும் சரியான விடைதான் வரும். தொடர்பெருக்கம் அவருக்கு வரவே வராது.

இன்னொன்று. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-ல் காட்டியது: ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆகவே, வாய்ப்பாட்டை இன்று செய்து முடித்தால் கோப்பைச் சேமிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து வெற்று ஷீட்டில், இந்தக் கட்டுரையைப் பார்க்காமல், டாலர் எங்கே வரும் என்று நீங்களே யோசித்துப் போடுங்கள்.

கடைசிப் பயிற்சிக்கு மட்டும் வேறொருவர் செய்த ஷீட் வேண்டும். அவர் எட்டிய விடையை நீங்களே முதலிலிருந்து கட்டி எட்ட முடிகிறதா என்று பாருங்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற பட்டமேற்படிப்பு மாணவருக்கு வகுப்பில் கிடைத்த வேலையும் இதுதான். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2010-ல் வெளியிட்ட, நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றிய, உலகமெங்கும் பேசப்பட்ட ஒரு கட்டுரையின் எண்களை அவர் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் அதே விடை வரவில்லை. அவர்களிடமே கேட்டு ஷீட்டை வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 30-ம் வரிசையில் தொடங்கி 49 வரை போக வேண்டியது, 44-லேயே நின்றிருந்தது. 20 நாடுகளில் 5 நாடுகள் கணக்கில் சேரவே இல்லை. அவரும் அவருடைய ஆசிரியர்களும் 2013-ல் வெளியிட்ட மறுஆய்வில் வேறு குறைகளும் இருந்தன, விடை மாறியதற்கு அவையே பெரிய காரணம். ஆனால் அந்த ஐந்து வரிசைகளை மறுக்க யாராலும் முடியவில்லை. ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் அந்தப் பிழையை ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் ஷீட்டிலும் செய்து பாருங்கள். ஏ1 முதல் ஏ10 வரை எண்கள், சி1-ல் =சம்(ஏ1:ஏ10). ஐந்தாம் வரிசைக்கு மேலே ஒரு புதிய வரிசையைச் செருகி ஓர் எண்ணைப் போடுங்கள். பட்டியலுக்குக் கீழே, எண்கள் முடிந்த இடத்துக்கு அடுத்த கட்டத்தில் இன்னொரு எண்ணைப் போடுங்கள். இரண்டில் எது மொத்தத்தில் சேரும்? முதலில் சொல்லுங்கள், அப்புறம் தட்டுங்கள்.