நீரிணை: சொல்லும் அதன் அரசியலும்

இரு நிலங்களுக்கு நடுவே ஒடுங்கி, இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளைச் சேர்க்கும் இயற்கையான கடல்வழி நீரிணை. தமிழ்நாட்டு நாளேடுகள் ஜலசந்தி என்று எழுதுவது இதைத்தான். அங்குள்ள பாடநூல்களில் நீர்ச்சந்தி என்றும் உண்டு. மலேசியாவிலும் இலங்கையிலும் வேரூன்றியது நீரிணை.

ஜலசந்தி வடமொழிக் கூட்டுச்சொல். ஜலம் என்றால் நீர், சந்தி என்றால் கூடுமிடம். முச்சந்தியிலும் நாற்சந்தியிலும் நிற்பது அதே சந்திதான். ஜலத்தை மட்டும் மாற்றியபோது நீர்ச்சந்தி ஆயிற்று. சந்தியும் இணையாக மாறியபோது நீரிணை பிறந்தது. மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசிச் சொல். கோலாலம்பூரில் அச்சாகும் செய்தியிலும் 'ஹோர்முஸ் ஜலசந்தி' தலைகாட்டுவதுண்டு. சென்னைச் செய்தியை அப்படியே எடுத்துப் போடுவதன் விளைவு போலும்.

நிலத்துக்கும் இப்படி ஒரு சொல் இருக்கிறது: பூசந்தி, இரண்டு பெரிய நிலப்பரப்புகளைச் சேர்க்கும் ஒடுங்கிய நிலம். தாய்லாந்தின் கிரா பூசந்தியை வெட்டிக் கால்வாய் அமைத்தால் கப்பல்கள் மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலுள்ள மலாக்கா நீரிணைப் பக்கம் வராமலே போகலாம் என்ற யோசனை 17ஆம் நூற்றாண்டிலிருந்து உயிரோடு இருக்கிறது.

ஆங்கில 'ஸ்ட்ரெய்ட்', இறுகியது என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. அரபு மொழியின் 'மதீக்' என்பதும் குறுகலையே சொல்கிறது. தமிழ் பார்த்தது சேர்க்கையை. எரிசக்திப் பாதுகாப்பு பேசுகிறவர்களுக்கோ அந்தக் குறுகல்தான் கவலை. மலாக்கா நீரிணை வழியாக நாளொன்றுக்கு 2 கோடி பீப்பாய்க்கும் மேல் எண்ணெய் போகிறது. சிங்கப்பூருக்கு அருகே, பிலிப்ஸ் சேனலில், வழி ஏறக்குறைய 2.8 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. வழி அடைபட்டால் இந்தோனேசியாவின் சுண்டா, லொம்போக் நீரிணைகள் வழியாகச் சுற்ற வேண்டும்; நாளும் கூடும், செலவும் கூடும். அப்போதைய சீன அதிபர் ஹூ ஜிந்தாவ், எண்ணெய்க்கு இந்த வழியை நம்பியிருப்பதை 2003இல் தம் நாட்டின் இக்கட்டாகவே கண்டார். மியன்மார் கடற்கரையிலிருந்து சீனாவின் யுன்னானுக்குப் போடப்பட்ட எண்ணெய்க் குழாய் 2017இல் இயங்கத் தொடங்கியதன் பின்னணியிலும் அந்தக் கவலை உண்டு.

இத்தகைய இடத்தைக் குறிக்கும் 'சோக் பாயிண்ட்' என்பதைச் சிலர் 'நெரிசல் புள்ளி' என்கிறார்கள். நெரிசல் என்றதும் தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் திரளும் கூட்டம்தான் கண்முன் வருகிறது. இங்கே பேச்சு கூட்டத்தைப் பற்றியதல்ல, ஒருவர் நினைத்தால் அடைத்துவிடலாம் என்பதைப் பற்றியது. அதற்குப் பதில் 'கடலிடுக்கு' என்று சொன்னால் என்ன? இடுக்கு எல்லார் வீட்டிலும் புழங்கும் சொல். அகப்பட்டால் வெளியே வருவது கடினம் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது.

நீரிணை, கடலிடுக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. சூயஸ் 1869இல் திறக்கப்பட்ட கால்வாய், நீரிணை அன்று, ஆனால் கடலிடுக்கு. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரி கடக்கும் பினாங்கு நீரிணையும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலந்தான், பிலிப்ஸ் சேனலுக்குச் சமம். அதை அடைத்தால் ஃபெரி நிற்கும், பினாங்குத் துறைமுகம் தவிக்கும். தோக்கியோவுக்குப் போகும் எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது.