கண்மாய்க் கரைக்கும் மலைச் சாலைக்கும் ஒரே சைக்கிள்

மதுரையிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நாலு விதமான தரை வந்துவிடும். நத்தம் சாலையில் வழுவழுவென்று தார், அதை விட்டு இறங்கினால் செம்மண் தடம், கண்மாய்க் கரையில் சரளை, திருமங்கலம் பக்கம் போனால் கரிசல். கொஞ்சம் துணிந்தால் சிறுமலை, இன்னும் துணிந்தால் கொடைக்கானல். இத்தனைக்கும் சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஸ்டீலா, அலுமினியமா? எத்தனை கியர்?" என்றுதான். என்னைக் கேட்டால் அவை அப்புறம். முதலில் குனிந்து, பின் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு அகலமான டயர் போடலாம் என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது. வாங்கிய பிறகு மாற்றவே முடியாத விஷயம் அது.

எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. ஆள் 70 கிலோ, சைக்கிள் 15, சுமை 15, ஆக 100 கிலோ. இதில் சுமார் 60 கிலோ பின்சக்கரத்தில் விழும். டயரில் 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் ஏறக்குறைய 4.2 கிலோவைத் தாங்கும். எனவே டயர் சுமார் 14 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் படியும். காற்றை 35 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் அது 24 சதுர சென்டிமீட்டராகிவிடும். மணலிலும் சரளையிலும் பிடிமானம் கூடும். ஆனால் ஒல்லியான டயரில் இப்படிக் குறைக்க முடியாது. கல்லில் ஏறியதும் டயர் ரிம் வரை நசுங்கி, இடையில் மாட்டும் டியூப் கிழியும். அகலமான டயருக்கு உயரமும் அதிகம். அதனால்தான் அதில் காற்றைக் குறைத்து ஓட்ட முடிகிறது.

அகல டயர் இழுக்கும், வேகம் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. காற்றழுத்தம் சமமாக இருந்தால் அகல டயர் தரையில் குட்டையாகவும் பரந்தும் படிகிறது. ரப்பர் மடங்கி விரிவதில் வீணாகும் ஆற்றல் குறைகிறது. வேகத்தைத் தின்பது பெரும்பாலும் தடித்த ரப்பரும் டயர் மேல் துருத்தி நிற்கும் முரட்டு ரப்பர் கட்டைகளும்தான். சரளையில் கணக்கு முழுக்க மாறிவிடும். கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் மொத்தச் சுமையையும் தூக்கிப் போடும், மிருதுவான டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். நம் பக்கத்துக்கு 40 முதல் 45 மி.மீ. அகலம், நடுவில் வழுவழுப்பு, ஓரத்தில் மட்டும் சிறு கட்டைகள் போதும். இவ்வளவு அகல டயர் தரும் மெத்துமெத்துப்புக்கு முன்னால் ஸ்டீல் பிரேம் கொடுக்கும் நெகிழ்வு ஒன்றுமே இல்லை. கண்மாய்க் கரையெங்கும் சீமைக்கருவேல முள் கிடக்கிறது என்பதால், டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுவது புத்திசாலித்தனம்.

கரிசல் தனிக் கதை. அந்த மண்ணில் இருக்கும் களி தண்ணீரைக் குடித்து உப்பும், ஒட்டும். ஒரு மழை பெய்துவிட்டால் டயரில் சுருண்டு ஏறி பிரேமில் அடைத்துக்கொள்ளும், சக்கரம் நின்றே போகும். டயருக்கு இரு பக்கமும் 6 மி.மீ.யாவது காலியாக இருந்தால் கொஞ்ச தூரம் தப்பிக்கலாம். மட்கார்டு போட்ட சைக்கிளை அன்றைக்குத் தார்ச் சாலையிலேயே விடுங்கள்.

அடுத்தது கியர். எத்தனை என்பதை விட, மிகச் சின்னது எது என்று கேளுங்கள். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் மலைச் சாலையில், அந்த 100 கிலோவோடு, சாதாரண ஆள் மணிக்கணக்காகத் தரக்கூடிய 120 வாட்டில் கிடைக்கும் வேகம் மணிக்குச் சுமார் 6.5 கி.மீ. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால் ஒரு மிதிச் சுற்றுக்கு 1.8 மீட்டர்தான் நகர வேண்டும். சக்கரத்தின் சுற்றளவோ 2.2 மீட்டர். ஆக, பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகச் சுற்ற வேண்டும். முன் பல்சக்கரத்தில் 28 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். முன்னால் 46, பின்னால் 28 என்றிருக்கும் சைக்கிளில் அதே வேகத்தில் நிமிடத்துக்கு 30 சுற்றுதான் மிதிக்க முடியும். பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். கடைக்காரர் 21 கியர் என்று சொன்னாலும் இந்தப் பற்களை எண்ணாமல் நம்ப வேண்டாம்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை ஏறத்தாழ 1,800 மீட்டர் இறக்கம். நூறு கிலோ அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும், மீதி பிரேக்குக்கு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அந்தச் சூடு டியூபுக்குப் பக்கத்திலேயே ஏறும். டிஸ்க் பிரேக்கில் அது டயரை விட்டு விலகி நிற்கிறது, ரிம்மில் ஒட்டிய சேறும் தொந்தரவு செய்யாது. எந்த பிரேக்காக இருந்தாலும் விடாமல் பிடித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டு அழுத்தமாகப் பிடியுங்கள்.

உதிரிபாகம் பற்றி ஒன்று. ஊர் சைக்கிள் கடையில் தொங்கும் 28 இஞ்ச் டயர் 635 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கானது. புது சைக்கிள்களில் வரும் 700சி ரிம் 622 மி.மீ. அதற்கும் 28 இஞ்ச் என்றே பெயர், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மடிக்கக்கூடிய டயர் ஒன்றைச் சுமையில் கட்டிக்கொள்வது நல்லது. வால்வு தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பைக் டயரில் இருக்கும் தடித்த வகையையே வாங்குங்கள். எந்த பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். ஒல்லி வால்வுதான் வந்தது என்றால் அதற்கு மாட்டும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்திலேயே கோத்துவிடுங்கள்.