ரோஸ்ட்: வறுவலா, வாட்டா?

தமிழ்நாட்டு ஓட்டலில் ரோஸ்ட் என்றால் எதைக் கேட்கிறோம் என்பது எந்த வேளைக்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. காலையில் என்றால் நெய்யோ எண்ணெயோ விட்டு முறுகலாகச் சுட்ட தோசை. மதியச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு ரோஸ்ட், சேப்பங்கிழங்கு ரோஸ்ட் என்றால், வேகவைத்த கிழங்கை மிளகாய்த்தூளில் புரட்டி வாணலியில் ஓரம் சிவக்க வறுத்தது. கேரளத்துக்குள் போய் முட்டை ரோஸ்ட் கேட்டால், சுருள வதக்கிய வெங்காயத் தக்காளி மசாலாவில் அவித்த முட்டை வரும். இலங்கைப் பேக்கரிகளில் ரோஸ் பாண் என்பது தட்டையான, மேல்பக்கம் முறுகிய ஒரு ரொட்டி. நீர் சுண்டி நிறம் ஏறியிருக்கிறது என்பதைத் தவிர இவற்றுக்குள் பெரிய ஒற்றுமை கிடையாது.

இவற்றோடு புதிதாக ஒன்று நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. காய்கறியை எண்ணெயிலும் மசாலாவிலும் பிசிறி, தட்டில் பரப்பி, ‘அவன்’ (oven) என்ற மூடிய அடுப்புக்குள் வைத்துச் சிவக்க எடுப்பது. பாலோ நெய்யோ சேராத, எளிமையான தொடுகறி (சைட் டிஷ்). சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை ‘ரோஸ்ட் செய்த காய்கறி’ என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ரோஸ்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலம் இதைப் பழைய பிரெஞ்சு மொழியின் ‘ரோஸ்திர்’ என்ற வினையிலிருந்து எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது. நெருப்பின் மேல் வைத்துச் சுடும் இரும்புக் கம்பித்தட்டுக்கு ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரோஸ்ட்’ என்றுதான் பெயர். ஆக, இந்தச் சொல்லின் பிறப்பிடம் திறந்த நெருப்பு. இங்கிலாந்திலும் நெடுங்காலம் இறைச்சியைக் கம்பியில் குத்தி, கணப்பின் முன்னால் திருப்பித் திருப்பிச் சுடுவதுதான் ரோஸ்ட். மூடிய அடுப்புகள் வீடுகளுக்கு வந்தபிறகு, அதற்குள் வைத்துச் சமைத்ததற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அது இந்தியாவுக்கு வந்து தோசைக்கல்லிலும் ஏறிவிட்டது.

கம்பியில் குத்திச் சுடுவது நமக்கும் பழகிய வேலைதான். சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தைச் சொல்லும் பொருநன் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்கிறான். காழ் என்றால் இரும்புக் கம்பி. அதில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு. சூடு பொறுக்காமல் அதை வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்றார்களாம். இதற்கு இரண்டு அடி முன்னால்தான் ‘துருவையம் புழுக்கு’ வருகிறது. அது நீரில் வெந்த ஆட்டிறைச்சி. நீரில் வேகவைப்பதும் நெருப்பில் சுடுவதும் வேறுவேறு என்பதால் பெயரும் வேறாக இருக்கிறது.

தமிழில் சமையல் வினைகள் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. சூடு எந்த வழியாக வருகிறது, பண்டத்துக்கு என்ன ஆகிறது என்பதை வினையே சொல்லிவிடும். ‘வதக்கு’ என்றால் காய் வதங்க வேண்டும், அதாவது துவண்டு போக வேண்டும். கொஞ்சம் எண்ணெய் போதும், நிறம் மாற வேண்டியதில்லை. ‘பொரி’ என்பதில் வெடிப்பு இருக்கிறது. அரிசி பொரிகிறது, குஞ்சு பொரிக்கிறது, கடுகு பொரிகிறது. தமிழ்நாட்டில் பீன்ஸ் பொரியல் என்றால் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவியது என்று ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் இன்றும் எண்ணெயில் பொரித்தெடுத்ததுதான். சொல்லின் பழைய பொருளை அவர்கள் விடவில்லை.

‘வறு’ என்பதை வற்று, வறள், வறட்சி ஆகியவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்: நீரை ஓட்டிவிடுவது. ரவையை வறுக்க எண்ணெயே வேண்டாம். கடலை வறுக்க மணல் போதும். வறுவல், வறை இரண்டும் இதிலிருந்து வந்த பெயர்கள். முருங்கையிலை வறை, கரட் வறை, சுறா வறை என்று ஈழத்துச் சமையலறையில் அன்றாடம் புழங்கும் இந்த ‘வறை’ மதுரைக்காஞ்சியிலேயே இருக்கிறது. ‘நெய்கனிந்து வறையார்ப்ப’ என்கிறது அந்தப் பாட்டு. நெய் காய்ந்து வறை ஆரவாரம் செய்கிறது. சட்டியில் எழும் அந்தச் சடசடப்புதான் ஆர்ப்பு. அடுத்த அடியிலேயே தாளிப்புப் புகை மேகம் போலப் பரவுகிறது.

இன்னும் இரண்டு வினைகள் மிச்சம்: சுடு, வாட்டு. ‘சுடு’ இன்று மிகவும் அகன்றுவிட்டது. கத்தரிக்காயைத் தணலில் சுடுகிறோம், தோசையைக் கல்லில் சுடுகிறோம், வடையை எண்ணெயில் சுடுகிறோம். அதனால் ஒரு குறிப்பிட்ட முறைக்குப் பெயராக அதை நிறுத்த முடியாது.

‘வாட்டு’ அப்படி இல்லை. வாழையிலையைத் தணலுக்கு மேலே காட்டி வாட்டுகிறோம், அப்பளத்தைத் தீயில் வாட்டுகிறோம். நெருப்பின் அனல் பட வேண்டும், பண்டம் நீர் இழந்து வாட வேண்டும். இந்த இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. இது பெயராகவும் வழங்கியிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து உழவர் வீட்டில் பாணனுக்குக் கிடைப்பது வெண்ணெல் சோறும் ‘மனைவாழ் அளகின் வாட்டும்’. அளகு என்றால் பெட்டைக்கோழி. கோழி ரோஸ்ட் என்று இன்று நாம் சொல்வதற்கு அப்போதே ஒரு தமிழ்ப் பெயர் இருந்திருக்கிறது.

அதே நூலில் காய்கறிக்கும் இடம் உண்டு. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, பசு வெண்ணெயில் சூடேற்றி, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலை சேர்த்த ஓர் உணவை அது சொல்கிறது. அங்கே ‘கறி’ என்ற சொல்லுக்கு மிளகு என்று பொருள், ‘கஞ்சகம்’ கறிவேப்பிலை. வெண்ணெயை எடுத்துவிட்டு நல்லெண்ணெய் ஊற்றினால் இன்றைய மசாலாக் காய்கறிக்கு வெகு அருகில் வந்துவிடுகிறோம்.

சரி, அவனுக்குள் என்ன நடக்கிறது? அதைப் பார்த்தால் எந்தச் சொல் பொருந்தும் என்பது தானே தெரியும். காலிஃபிளவர், கேரட், உருளை, பூசணி எல்லாம் சேர்த்து அரைக் கிலோ எடுத்துக்கொண்டால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பெருவிரல் அளவுக்கு நறுக்கி, முதலில் எண்ணெயில் பிசிற வேண்டும். அதன் பிறகுதான் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீரகத்தூள், உப்பு. எண்ணெய்ப் பூச்சு இருந்தால் தூள் காயில் ஒட்டும், சீக்கிரம் கருகாது. உப்புப் போட்டுக் காத்திருந்தால் காய் நீர் விட்டுவிடும். உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். அவன் 200 டிகிரி செல்சியஸில் முன்பே சூடாகியிருக்க வேண்டும். காய்க்கும் காய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு, அரை மணி நேரத்தையொட்டி எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஆயிற்று.

இடைவெளியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காயிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்வரை அதன் மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. சிவப்பதற்கு அது போதாது. மாவுப்பொருளும் புரதமும் தரும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் மணமும் உண்டாக்குவதை 1912-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மய்யார் விளக்கினார். அந்த வினை வேகம் பிடிக்க 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். தட்டில் காயை நெருக்கி அடைத்தால் ஆவி வெளியேற வழியின்றி அங்கேயே சுற்றும். காய் வெந்துவிடும், ஆனால் வெளுத்துத் தொளதொளவென்று இருக்கும். பொருநராற்றுப்படைச் சொல்லில் அது புழுக்கு. இடம் விட்டுப் பரப்பினால் ஓரம் சுருங்கி, சிவந்து, இனிப்பேறி வரும்.

வறுவல் என்றால் கரண்டி ஓயாது. சட்டியின் அடிச்சூடு வேலை செய்கிறது. இங்கே கிண்டுவதே இல்லை. சுற்றியிருக்கும் அனல் காயை வாட்டுகிறது. ஆகவே ‘காய்கறி வாட்டு’ என்பதே இதற்குச் சரியான பெயர் என்பது என் துணிபு. கேட்பவருக்குப் புதிதாக இருக்குமே என்று தோன்றினால் ‘அனலில் வாட்டிய காய்கறி’ என்று முதலில் ஒருமுறை எழுதிவிடலாம். அவன் இல்லாமல் இரும்பு வாணலியில் செய்தால் அது தயக்கமில்லாமல் வறுவல்தான். தோசைக்கு முறுகல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நெய் ரோஸ்டை நெய் முறுகல் என்றால் யாருக்கும் புரியும்.

அவனுக்கு வெதுப்பி என்ற சொல் ஓரளவு பரவியிருக்கிறது. வெதுப்புவது இளஞ்சூட்டைக் குறிப்பதால் 200 டிகிரிக்கு அது கொஞ்சம் மென்மையாகப் படுகிறது. ஈழத்தில் பாண் சுடும் பெரிய அடுப்புக்குப் போறணை என்பார்கள். போர்த்துக்கீசியரின் ‘ஃபோர்னோ’ நாவில் தேய்ந்து அப்படி ஆனது.

இந்தக் காய்கறி வாட்டில் பாலோ நெய்யோ சேராததால் இதை வீகன் உணவு, அதாவது விலங்கிலிருந்து கிடைக்கும் எதுவும் சேராத உணவு, என்றும் சொல்லலாம். வீகன் என்ற சொல்லுக்கு வயது குறைவு. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடன் இருந்தவர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியபோது, வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் எடுத்து இணைத்துக்கொண்ட பெயர் அது. தமிழில் சைவம் என்றால் பால், தயிர், நெய் எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் ‘மிகுதி’ என்ற பொருளுள்ள ‘நனி’யைச் சேர்த்து நனிசைவம் என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. சொன்னதும் சைவத்தைத் தாண்டிய ஒன்று என்று புரிந்துவிடுகிறது. சைட் டிஷ்ஷுக்குத் தொடுகறி இருக்கிறது, தென்மாவட்டங்களில் வெஞ்சனம் என்பார்கள். சமையல் குறிப்புக்குத் தலைப்பு வைக்க ‘நனிசைவத் தொடுகறி: மசாலாக் காய்கறி வாட்டு’ என்று எழுதலாம். பொருள்களின் பட்டியலில் மட்டும் நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிட வேண்டும். ரோஸ்ட் என்றதும் நெய்யை எடுக்கப் பழகிய கை நம்முடையது.