மீட்கப் போனவரிடம் கதை கேட்கும் முன்

குன்னூரில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னைத் தேடி ஒரு நாவலாசிரியர் வந்தார். பிரிட்டனின் கடலோர உயிர்காப்புப் படகுகளில் தொண்டு செய்பவர்களை வைத்து நாவல் எழுதுகிறார். படிக்க வேண்டியதையெல்லாம் படித்துவிட்டார். அந்த மனிதர்களின் மனம் மட்டும் பிடிபடவில்லை. "நம் மலையில் மண்சரிவின்போது ஆட்களை மீட்டவர்களிடம் பேசலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் பேசலாம். எப்படிப் பேசுவது என்பதை அவருக்கு மட்டுமல்லாமல் நிருபர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தப் படகுகளை நடத்தும் அமைப்பு, 1824இல் தொடங்கப்பட்ட ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன். அதன் படகுக் குழுவினரில் பெரும்பாலோர் தொண்டர்கள். அவசர அழைப்பைச் சொல்லும் பேஜர் கருவி ஒலித்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். 1981 டிசம்பர் 19 இரவு, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே 'யூனியன் ஸ்டார்' கப்பல் சூறாவளியில் சிக்கியது. மவுசல் என்ற சிற்றூரிலிருந்து 'சாலமன் பிரவுன்' படகில் எட்டுப் பேர் போனார்கள். அவர்களும் திரும்பவில்லை, கப்பலில் இருந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. புறப்படும் முன் படகுத் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ், ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை ஏற்ற மாட்டேன் என்று நீல் பிராக்மன் என்ற இளைஞரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். நீலின் தந்தை படகில் போனார். ஒரே நாளுக்குள் புதிய குழுவுக்குப் போதுமான ஆட்கள் அந்த ஊரிலேயே முன்வந்தார்கள். நீலும் பின்னாளில் படகுத் தலைவரானார்.

எழுத வருபவர்களின் கண் பெரும்பாலும் அலையின் மீதே இருக்கும். எனக்கோ கரையில் நின்ற அந்த இளைஞர்தான் முக்கியம். "நானும் போயிருந்தால்", "இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருந்தால்" என்ற பேச்சைத்தான் என் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நீலகிரியில் 2009 நவம்பர் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரம் அருகே ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, அந்த ஊர் மக்கள்தான் தண்ணீரோடும் கம்பளிகளோடும் ஓடினார்கள். ராணுவம் பிறகு அவர்களுக்கு நன்றி சொன்னது. பேஜரும் சீருடையும் இல்லாத இந்த மனிதர்கள் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தூங்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஜீப் ஓட்டுபவர். மண்ணுக்குள் இருந்து ஒரு குழந்தையை எடுத்தவர். பல வருடங்கள் தாக்குப்பிடித்துவிட்டார். பிறகு யாரோ ஒருவர் வீட்டுக்கே வந்து, மனைவி மக்கள் எதிரில், "கையில் தூக்கியபோது எப்படி இருந்தது?" என்று கேட்டிருக்கிறார். அவரும் மரியாதைக்காகச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கேட்டவர் கெட்டவர் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே கூடாது.

மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். தானாகச் சொல்ல வந்தால் குறையலாம். வற்புறுத்திச் சொல்ல வைத்தால் பலருக்குக் கூடிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததை விவரிக்கும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்றே சொல்கிறது.

அதனால் நாவலாசிரியரிடம், உச்சக்கட்டத்தைக் கேட்காதீர்கள் என்றேன். யார் வந்து கூப்பிட்டார்கள், காலில் செருப்பா பூட்ஸா, கயிறு யார் வீட்டுடையது, கடப்பாறையை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள் யார், திரும்பி வந்ததும் அந்தச் சேற்றுத் துணியை யார் துவைத்தார்கள் என்று கேளுங்கள். கதைக்கு வேண்டிய உயிர் இந்தப் பதில்களில் இருக்கிறது. மீதியை அவரே விரும்பினால் சொல்வார். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். சம்பவ இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குழந்தைகள் எதிரில் கேட்காதீர்கள். மழை நாளைத் தவிர்த்துவிடுங்கள். பேசி முடித்ததும் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பாமல், ஒரு டீ குடித்து, கொழுந்து விலையைப் பற்றியாவது பேசிவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு போன் செய்யுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. மலைக் கிராமத்தில் ஜீப்பின் நிறத்தைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இப்படி மீட்புக்குப் போனவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தைத் தவிர்ப்பது, காரணமற்ற கோபம் எல்லாம் முதல் சில வாரங்களில் பலருக்கும் வருவதுதான். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, குடி அதிகமானாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தாமதிக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.