பிளாக்லிஸ்ட்: கருப்புப் பட்டியலா, தடுப்புப் பட்டியலா?

செய்திமடலை அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் பத்திருபது கடிதங்கள் திரும்பி வந்து விழுகின்றன. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மெயிலர் டீமன்’, அதாவது அஞ்சல் நிரல். உள்ளே 550 5.7.1 என்று ஓர் எண். பக்கத்திலேயே உங்கள் மடல் கிளம்பிய கணினியின் ஐபி முகவரி, இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண். அது பிளாக்லிஸ்டில் இருக்கிறது, ஏற்க முடியாது என்று ஒரு வரி. எண்ணில் புதிர் ஒன்றும் இல்லை. 4 என்று தொடங்கினால் ‘அப்புறம் வா’, 5 என்று தொடங்கினால் ‘வராதே’. ஆளைக் கலங்க வைப்பது அந்தச் சொல்தான்.

பிளாக்லிஸ்ட் என்றதும் நாம் எழுதுவது கருப்புப் பட்டியல். நாளிதழ்களில் அந்தப் பட்டியலில் யார் யார் இருப்பார்கள்? தரமில்லாமல் பாலம் கட்டிய ஒப்பந்தக்காரர், போலி ஆவணம் கொடுத்து மாட்டிக்கொண்ட நிறுவனம், இப்படி. அதனால், கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் வாரம் ஒரு மடல் அனுப்புகிறவர் இதைப் படித்ததும் ‘நான் என்ன தப்பு பண்ணினேன்?’ என்றுதான் கேட்பார். பல நேரம் அவர் ஒன்றுமே பண்ணியிருக்க மாட்டார். சொல் மட்டும் அவரைக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது. தண்டிக்க வேண்டியவர்கள், நம்பக் கூடாதவர்கள் ஆகியோரின் பெயர் வரிசை என்று பொருள். பிற்பாடு, சங்கம் சேர்ந்த தொழிலாளிக்கு வேறெங்கும் வேலை கிடைத்துவிடக் கூடாது என்று முதலாளிகள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட பட்டியலுக்கு இந்தப் பெயர் வந்தது. 1947 முதல் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் என்ற ஐயத்தின் பேரில் எழுத்தாளர்களையும் நடிகர்களையும் ஒதுக்கி வைத்ததற்கும் இதே பெயர்தான். இவை எல்லாவற்றிலும் பட்டியலில் இருந்தது ஆளின் பெயர்; எழுதியவர் கையில் இருந்தது அதிகாரம்.

மின்னஞ்சலுக்குள் சொல் வந்த வழி வேறு. 1997இல் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் குப்பை அஞ்சல் கிளம்பும் முகவரிகளைத் திரட்டி ஒரு பட்டியல் வைத்தார்கள். அதன் பெயர் ‘ரியல்டைம் பிளாக்ஹோல் லிஸ்ட்’. ஆமாம், பிளாக்ஹோல், கருந்துளை. ஒரு முகவரியைக் கருந்துளையில் தள்ளுவது என்றால், அதற்கான தரவுகளைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுவது என்று நெட்வொர்க் ஆட்கள் பேச்சில் பொருள். பட்டியலை நடத்திய அமைப்பின் பெயர்ச் சுருக்கம் எம்-ஏ-பி-எஸ். பின்னிருந்து படித்தால் ஸ்பேம், குப்பை அஞ்சலின் ஆங்கிலப் பெயர். அடுத்த ஆண்டே ஸ்டீவ் லின்ஃபோர்ட், இதே போலப் பட்டியல் வைக்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பைத் தொடங்கினார். இன்று மடல் அனுப்புகிறவர்கள் பயப்படும் முதல் பெயர் அதுதான்.

காலப்போக்கில் பிளாக்ஹோல் என்பது பிளாக்லிஸ்ட் ஆயிற்று. அண்மைக் காலமாக, கருப்பு என்றால் கெட்டது என்ற தொனி வேண்டாம் என்று ஆங்கிலக்காரர்கள் நிறத்தைச் சொல்லும் ‘பிளாக்’கை விட்டு, அடைப்பைச் சொல்லும் ‘பிளாக்’குக்கு மாறிவருகிறார்கள். ஓர் உயிரெழுத்து மாற்றத்தில் அவர்கள் வேலை முடிந்தது. நமக்குத்தான் சங்கடம். தலைமுடியின் நிறமும் பிளாக், குழாயின் அடைப்பும் பிளாக். ஒலிபெயர்த்து எழுதினால் அவர்கள் செய்த திருத்தம் தமிழில் தெரியவே தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நமக்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும்.

கருப்பு ஏன் வேண்டாம் என்பதற்குத் தமிழிலேயே தனிக் காரணமும் இருக்கிறது. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். கறுப்பு என்றால் முதலில் கோபம். நிறத்துக்கும் வரும் என்று அடுத்த நூற்பாதான் சொல்கிறது. வல்லின றகரம் போட்டுக் ‘கறுப்புப் பட்டியல்’ என்று எழுதினால் பழைய கணக்கில் அது சினப் பட்டியல். இடையின ரகரம் போட்டால் பஞ்சம் என்ற பொருளும் அகராதியில் காத்திருக்கிறது. மறுபக்கம், உள்ளே விட வேண்டியவர்களின் ‘வைட்லிஸ்ட்’டை வெள்ளைப் பட்டியல் என்பதாவது ஒழுங்கா? வெள்ளை மனசு நல்லதுதான், ஆனால் வள்ளுவர் ‘வெண்மை எனப்படுவது யாதெனின்’ என்று கேட்டுப் பேசுவது அறிவின்மையை. நிறங்களை அப்படியே பெயர்த்து நட்டால் நம் மண்ணில் வேறு செடி முளைக்கிறது.

சரி, எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்க, அந்தப் பட்டியல் உண்மையில் என்ன செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

192.0.2.99 என்ற முகவரியிலிருந்து ஒரு மடல் வந்து கதவைத் தட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெறுகிற சர்வர் அந்த எண்களைத் திருப்பிப் போட்டு, 99.2.0.192 என்று எழுதி, பின்னால் பட்டியல்காரரின் டொமைன் பெயரை, அதாவது அவருடைய இணையப் பெயரை ஒட்டி, இப்படி ஒரு பெயர் உண்டா என்று டிஎன்எஸ்ஸில், அதாவது இணையப் பெயர்களுக்கு எண் சொல்லும் அடைவில் கேட்கிறது. பட்டியலில் இல்லையென்றால் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பதில் வரும். இருந்தால் 127.0.0.2 போன்ற ஓர் எண் வரும். அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு மடலைத் திருப்பி அனுப்புவதா, ஸ்பேம் பெட்டியில் போடுவதா, கண்டுகொள்ளாமல் உள்ளே விடுவதா என்பது பெறுகிற சர்வரின் முடிவு. பட்டியல் எதையும் தடுப்பதில்லை. கேட்டவருக்குக் காதில் சொல்கிறது, முடிவு காவலாளியுடையது.

சொல்கிறவர் எப்போதும் சரியாகச் சொல்வார் என்பதும் இல்லை. 2003இல் ஓசிருசாஃப்ட் என்ற பட்டியல் சேவை, தாக்குதல் தாங்காமல் மூடப்பட்டபோது, எந்த முகவரியைக் கேட்டாலும் ‘இருக்கிறது’ என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. அதை நம்பிய சர்வர்களுக்கு உலகமே ஸ்பேம்காரர்கள் ஆகிவிட்டது. பட்டியல் நடத்துவோருக்கான பொது நெறி, 2010இல் எழுத்தில் வந்தபோது, ஐபி பட்டியலில் 127.0.0.2 என்றும் இருக்க வேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இரண்டையும் கேட்டுப் பார்த்தால் பட்டியலுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நேர்மையான மடல்காரர் மாட்டுவது பெரும்பாலும் அக்கம்பக்கத்தால். பட்டியலில் ஏறுவது ஆள் இல்லை, முகவரி. மடல் அனுப்பும் சேவைகளில் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் விலைக்கு வாங்கிய முகவரிகளுக்கு அனுப்பித் தொலைத்தால், கூட இருக்கும் எல்லோருடைய மடலும் வாசலில் நிற்கும்.

இன்னொரு வழி பொறி முகவரி. யாருமே பயன்படுத்தாத, யாருமே சந்தாவுக்குக் கொடுத்திருக்க முடியாத முகவரிகளைப் பட்டியல்காரர்கள் விரித்து வைத்திருப்பார்கள். கைவிடப்பட்ட பழைய முகவரிகளும் சில காலம் கழித்துப் பொறியாகலாம். ஐந்து வருடமாகத் தூசி தட்டாத சந்தாதாரர் பட்டியலை ஒருவர் திடீரென்று எடுத்து, ‘மீண்டும் வந்துவிட்டோம்’ என்று உற்சாகமாக அனுப்புவார். ஒன்றிரண்டு பொறியில் கால் படும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சோம்பல் உண்டு.

இவற்றைவிட விசித்திரமானது 2016 ஆகஸ்டில் நடந்தது. யாரோ தானியங்கி நிரல்களை ஏவி, குறிவைத்தவர்களின் முகவரிகளை ஆயிரக்கணக்கான செய்திமடல்களில் சந்தா சேர்த்துவிட்டார்கள். குறிவைக்கப்பட்டவர்களின் அஞ்சல்பெட்டிகள் நிரம்பி வழிந்தன. மடல்களோ நல்ல மடல்கள், அனுப்பியவர்களோ நேர்மையானவர்கள். இருந்தும் ஸ்பேம்ஹாஸ் அவர்களில் பலருடைய முகவரிகளைப் பட்டியலில் ஏற்றியது. அநியாயம் என்று தோன்றும். ஆனால் ‘சந்தா கேட்டது நீங்கள்தானா?’ என்று ஓர் உறுதிக் கடிதம் அனுப்பி, பதில் வந்த பிறகே சேர்த்திருந்தால் அந்த வெள்ளம் புறப்பட்டே இருக்காது. என் மனசு இதில் முக்கால் பங்கு பட்டியல்காரர் பக்கம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். தடைப்பட்டியல் என்று சிலர் எழுதுகிறார்கள். கருப்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் தடை என்பது அதிகாரம் உள்ளவர் போடுவது: அரசு தடை, நீதிமன்றத் தடை. ஸ்பேம்ஹாஸுக்கு அப்படி ஓர் அதிகாரம் கிடையாது. தடுப்பு அதே ‘தடு’விலிருந்து வந்தாலும் வேறு மாதிரி. வீட்டுக்காரர் தன் வாசலில் வைத்துக்கொள்வது தடுப்பு. வைக்கலாம், எடுக்கலாம், அதைத் தாண்டி வேண்டியவரை உள்ளே விடலாம். அதனால் என் ஓட்டு தடுப்புப் பட்டியலுக்கு. எதிர்ப்பக்கத்துக்கு அனுமதிப் பட்டியல். ஸ்பேமுக்கு இணையத்தில் எரிதம் என்று ஒரு சொல் உண்டு, ஆனால் கேட்டவுடன் தீ நினைவு வருகிறது. குப்பை அஞ்சல் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

தமிழில் ஏற்கெனவே கச்சிதமாக இருக்கும் இன்னொரு சொல் ‘பெயர்’. எந்தப் பட்டியலிலும் இல்லாத மடலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறதே, ஏன்? பெரிய அஞ்சல் சேவைகள் ஒவ்வொரு டொமைனுக்கும் தாங்களே ஒரு மதிப்பெண் வைத்திருக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு நிபந்தனை போட்டிருக்கின்றன. ‘இது ஸ்பேம்’ என்ற புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்பது அதில் ஒன்று. இதை நற்பெயர்க் குறியீடு என்றெல்லாம் நீட்ட வேண்டாம். டொமைனுக்குப் பெயர் கெட்டுவிட்டது என்றால் போதும், சொல்லுக்குச் சொல் உண்மை. ஐபி முகவரி பட்டியலில் ஏறினால் வேறு முகவரிக்கு மாறலாம். பெயர் கெட்டால் அது கூடவே வரும்.

ஆக, வாசகர்களுக்கு அறிவிப்பு எழுதும்போது ‘எங்களைக் கருப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்’ என்று எழுதாதீர்கள். ‘எங்கள் மடல் கிளம்பும் ஐபி முகவரி ஒரு தடுப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது, காரணத்தைச் சரிசெய்துவிட்டு நீக்கக் கேட்டிருக்கிறோம்’ என்று எழுதுங்கள். நடந்தது அதுதான்.