சுருங்கினால் போதாது, தளரவும் வேண்டும்

1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்தால் துடிப்பு சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. உதவியாளர் குழாய்த் தண்ணீரில் கலக்கித் தந்தபோது மட்டும் நெடுநேரம் துடித்தது. அந்தத் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம்.

இதயச் செயலிழப்பில் உள்ளே என்ன கெட்டுப்போகிறது, உடற்பயிற்சி அதில் எதைச் சரிசெய்கிறது என்பதற்கும் இதே கால்சியத்தைத்தான் பின்தொடர வேண்டும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதயம் நின்றுபோவது அல்ல இது, உடலுக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுவது.

ஒரு துடிப்பைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மின்தூண்டல் வந்ததும் கொஞ்சம் கால்சியம் தசைச் செல்லுக்குள் நுழைகிறது. அது உள்ளே இருக்கும் சேமிப்பறையின் கதவுகளைத் திறந்துவிட, அங்கிருந்து நிறையக் கால்சியம் கொட்டுகிறது. இழைகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன, செல் சுருங்குகிறது. சரி, அப்புறம்? கொட்டியதைத் திரும்ப அள்ளினால்தான் செல் தளரும், அடுத்த துடிப்புக்கு ரத்தம் நிரம்பும். அள்ளுவது செர்கா என்ற புரதம். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளைச் சேமிப்பறைக்குள் தள்ளும். மனித இதயத்தில் ஏறக்குறைய 70 சதவீதக் கால்சியம் இதன் வழியாகத்தான் சேமிப்பறைக்குத் திரும்புகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள், நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை.

நலிந்த இதயத்தில் இந்தச் செர்கா குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்குச் சேமிப்பறைக் கதவுகளும் ஒழுகத் தொடங்குகின்றன. மோட்டாரும் பழுது, தொட்டியிலும் ஓட்டை என்ற கதைதான். தொட்டி நிறையாததால் அடுத்த சுருக்கத்தில் பலமில்லை. வெளியே தேங்கியதால் தளர்வும் அரைகுறை.

உடற்பயிற்சி இதைச் சரிசெய்யுமா? மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளை வாரக்கணக்கில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். செர்கா கூடுகிறது, ஒழுக்கு குறைகிறது, செல் சுருங்கித் தளரும் வேகம் மீள்கிறது.

செர்காதான் குறை என்றால் அதன் மரபணுவையே கொடுத்துவிடலாமே? கொடுத்தும் பார்த்தார்கள். வைரஸில் ஏற்றி, 250 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016இல் அச்சில் வந்தது: பலன் இல்லை. மரபணு போதிய செல்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஒரு விளக்கம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. உடற்பயிற்சி ஒரு புரதத்தோடு நிற்பதில்லை. ரத்தம் வேகமாக ஓடி உரசும்போது குழாய்ச் சுவர் நைட்ரிக் ஆக்சைடை விட்டு விரிகிறது. ஓயாமல் இதயத்தை விரட்டும் நரம்புத் தூண்டல் தணிகிறது. கால் தசையும் தேறுகிறது.

கால் தசையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நாலு படி ஏறியதும் மூச்சு வாங்குவதில் அதற்கும் பங்குண்டு. நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மில், சராசரி வயது 75 உள்ள 27 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு குழு நான்கு நிமிட வேக நடையை நான்கு தடவை, வாரம் மூன்று நாள், 12 வாரம் செய்தது. உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் 46 சதவீதம் உயர்ந்தது; மிதமாக நடந்தவர்களுக்கு 14. செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கச் சொல்லும் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதமும் வேகக் குழுவில் கூடியிருந்தது. அதை அளந்தது தொடைச் சதையில். பயிற்சிக்கு முன்னும் பின்னும் இதயத்தைக் கிள்ளிப் பார்க்க யார் சம்மதிப்பார்கள்? இதயச் செல்லைப் பற்றி மேலே சொன்னதில் பெரும்பகுதி எலி தந்த தகவல் என்பதையும் மறக்கக் கூடாது.

பிறகு 261 பேரை வைத்துப் பல மையங்களில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. அதில் வேகப் பயிற்சி, மிதமான பயிற்சியை மிஞ்சவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை: வேகக் குழுவில் பாதிப் பேர் சொன்ன தீவிரத்தை எட்டவில்லை, மிதக் குழுவில் 80 சதவீதம் பேர் சொன்னதைவிடத் தீவிரமாகச் செய்திருந்தார்கள்.