கேஸ் யார் தருவா, டாக்டரம்மா?

சைதாப்பேட்டை அடையாற்றங்கரை வீடுகளுக்கு மருத்துவ முகாமுக்காக முதன்முதலில் போனபோது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், குடத்தை மூடி வையுங்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். கேட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, "கேஸ் யார் தருவா, டாக்டரம்மா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் வாயை மூடிக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். ஐப்பசி பிறந்தால் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் ஏறுகிறது. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க்‌ஷீட் எல்லாம் பாலிதீன் பையில் சுற்றிப் பரணுக்குப் போகின்றன. பாலத்துத் தூணில் தண்ணீர் எந்த இடத்தைத் தொட்டால் கிளம்ப வேண்டும் என்று ஒரு கணக்கும் உண்டு. 2015 டிசம்பர் 1 அன்று அந்தக் கணக்கு பொய்த்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த நீர் விநாடிக்கு 29,000 கன அடி. தூணைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

கிளம்பும்போதும் வீடு முழுதாகக் கிளம்பாது. பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ போக, ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் காவலுக்கு நிற்பார். திருட்டு பயம் பாதிதான். அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். வேலை செய்யும் வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கே, குடியிருப்பு எங்கேயோ. பூட்டிய வீடு என்றால் இடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் காவலுக்கு நின்ற அந்த ஆள்தான் ஒன்றிரண்டு வாரம் கழித்து எலிக்காய்ச்சலோடு வருவார். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரிலிருந்து காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே கிருமி ஏறிவிடும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. பலர் மெடிக்கலில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வேண்டாம். மருத்துவரிடம் போய், "வெள்ளத்தில் நின்றேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும். தண்ணீரில் நின்றே ஆக வேண்டியவர்களுக்கு நோய் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பதுண்டு. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது. அதனால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது.

கோடைக்கும் அவர்களிடம் வழி உண்டு. ஷீட் கூரைமேல் நனைத்த சாக்கு, அதன்மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர். தலைவர்கள் நிழல் தருவது பெரும்பாலும் இப்படித்தான்.

எனக்குப் பெரிய தலைவலி டிரம். லாரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தெருவில், டிரம் இல்லாத வீடு பிழைக்காது. ஆனால் டெங்கு கொசுவுக்கு ஆறு வேண்டாம். மூடாத டிரம்மில் உள்ள நல்ல தண்ணீரே போதும். ஒரு பஞ்சத்துக்குச் செய்த ஏற்பாடு இன்னொரு நோய்க்கு வாசலாகிறது. தண்ணீரைக் கொட்டுங்கள் என்றால் எந்த அக்காவும் என்னைச் சும்மா விடமாட்டார். கொட்டியும் பயனில்லை. டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தேய்த்தால்தான் போகும்.

தீர்வு என்னிடமிருந்து வரவில்லை. "கேஸ் யார் தருவா" என்று கேட்ட அதே அக்கா இரண்டு டிரம் வைத்திருக்கிறார். ஒன்று தீரும்வரை மற்றதைத் தொடமாட்டார். தீர்ந்ததை லாரி வரும் நாளுக்கு முந்தைய இரவு தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார். நிரப்பியதன் வாயில் பழைய வேட்டியை இழுத்துக் கட்டுவார். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிரம்மும் இப்படி நார் பார்த்தால் புழு கொசுவாக நேரம் இருக்காது.

அவருடைய கேள்விக்கு என் பதிலும் இப்போது பையில் இருக்கிறது: குளோரின் மாத்திரை. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அட்டையில் போட்ட அளவுக்குப் போட்டு, அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். "ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது, பசங்க குடிக்க மாட்டேங்குது" என்கிறார். இதற்கும் அவரே ஏதாவது கண்டுபிடிப்பார் என்று காத்திருக்கிறேன்.